கரட்டோணான், பச்சோணான், கொம்போணான்: யாருக்கு யார் உறவு?

கேள்வி இதுதான்: வால்பாறைப் பக்கம் எடுத்த ஓர் ஓணான் படத்தைப் பார்த்து ஒருவர் ‘கலோட்டிஸ் எலியோட்டி’ என்கிறார், இன்னொருவர் ‘மோனிலிசாரஸ் எலியோட்டி’ என்கிறார். எது சரி? நம் பக்கத்து ஓணான்களுக்குள் உறவுமுறை என்ன? பெயர்கள் ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கின்றன?

முதல் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடலாம். இரண்டாவது பெயர்தான் இன்றைய பெயர். 2018 முதல் அந்த ஓணான் மோனிலிசாரஸ் என்ற பேரினத்தில், அதாவது நெருங்கிய இனங்களைச் சேர்த்து வைக்கும் குழுவில், இருக்கிறது. மற்ற இரண்டு கேள்விகளுக்கும் கொஞ்சம் நீளமாகப் பேச வேண்டும். ஏனென்றால், அந்த ஒரு பெயர்மாற்றத்துக்குப் பின்னால் தென்னிந்தியாவும் இலங்கையும் சேர்ந்த ஒரு நெடிய வரலாறு இருக்கிறது.

ஓணான்கள் எல்லாம் அகமிடே என்ற குடும்பம். ஆப்பிரிக்காவில் தொடங்கி ஆசியா முழுக்கப் பரவி ஆஸ்திரேலியா வரை ஐந்நூறுக்கும் மேற்பட்ட இனங்கள் இதில் உண்டு. இவற்றின் முக்கிய அடையாளம் வாய்க்குள் இருக்கிறது. பெரும்பாலான பற்கள் தாடை எலும்பின் உச்சி விளிம்பிலேயே ஒட்டி வளர்ந்திருக்கும், விழுந்தால் மறுபடி முளைக்காது. அமெரிக்கக் கண்டங்களின் இகுவானாக்களுக்குப் பற்கள் தாடையின் உட்பக்கச் சுவரில் ஒட்டியிருக்கும், அவை மாறி மாறி முளைக்கும். உலகில் அகமிடேயைப் போல உச்சிப்பல் கொண்ட நெருங்கிய உறவு பச்சோந்திக் குடும்பம். நிறம் மாறுகிறது என்று வேலியில் இருக்கும் கரட்டோணானையே பலர் பச்சோந்தி என்பார்கள். உண்மையான பச்சோந்தி வேறு குடும்பம்தான், ஆனாலும் இரண்டும் பங்காளிகள்.

அகமிடேக்குள் ஆறு துணைக்குடும்பங்களை இன்று பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் பாறைகளில் வாழ்பவை ஒன்று, ஆஸ்திரேலியாவையும் நியூ கினியையும் மையமாகக் கொண்டவை இன்னொன்று, முள்வால் கொண்ட பாலைநில ஓணான்கள் மற்றொன்று என்று போகும். நமக்கு வேண்டியது டிராகோனினே. தெற்காசியாவும் தென்கிழக்காசியாவும்தான் இதன் நிலம். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் இலங்கையிலும் நீங்கள் பார்க்கும் கரட்டோணான், பச்சோணான், பறக்கும் ஓணான், பாறை ஓணான், விசிறித்தொண்டை ஓணான், கொம்போணான் எல்லாமே இதில் அடக்கம்.

மேல்மட்டத்தில் இன்னும் ஒரு பெரிய விவாதம் இருக்கிறது, அதையும் தொட்டுவிட்டுப் போகிறேன். எலும்புக்கூட்டை வைத்து உறவு மரம் (எது எதிலிருந்து பிரிந்தது என்று காட்டும் கிளைப்படம்) போட்டவர்கள், ஓணான், இகுவானா, பச்சோந்தி சேர்ந்த கூட்டம் பல்லிகளின் மரத்தில் முதலில் பிரிந்த கிளை என்றார்கள். 1988இல் வலுப்பெற்ற இந்தக் கருத்தை 2012இல் 610 உடற்கூறுகளை வைத்துச் செய்த பெரிய ஆய்வும் உறுதி செய்தது. டிஎன்ஏ வேறு கதை சொல்கிறது. 2004, 2005 வாக்கில் வந்த மரபணு மரங்களில் ஓணான் கூட்டம் அடியில் இல்லை. பாம்புகளுக்கும் உடும்புகளுக்கும் பக்கத்தில், மரத்தின் மேல்பகுதியில் இருக்கிறது. அடியில் பிரிவது மரப்பல்லி, வீட்டுப்பல்லி வகையறா. அதன்பின் மேலும் மேலும் மரபணுக்களைச் சேர்த்துப் பார்த்தும் இந்த முடிவு மாறவில்லை. உங்கள் வேலி ஓணானுக்கு, வீட்டுச் சுவரில் இருக்கும் பல்லியைவிட நல்ல பாம்பு நெருங்கிய சொந்தம் என்பதை நான் ஏற்றுக்கொள்கிறேன். எலும்பு பொய் சொல்லாது. ஆனால் ஒரே வகை வாழ்க்கை வாழும் விலங்குகளுக்கு ஒரே வகை எலும்பு மறுபடி மறுபடி உருவாகும், அதுதான் பிரச்சினை.

இந்த விவாதத்தில் மத்தியப் பிரதேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. டிகி என்ற ஊரின் பெயர் கொண்ட பாறைப்படிவத்திலிருந்து கிடைத்த ஒரு சின்னத் தாடைத் துண்டை 2006இல் ‘டிகிகுவானியா’ என்று பெயரிட்டு அறிவித்தார்கள். அந்தப் பாறை டிரையாசிக் காலத்தது, அதாவது இருபது கோடி ஆண்டுகளுக்கும் முந்தையது. அப்படியென்றால் உச்சிப்பல் கொண்ட ஓணான்கள் டைனோசர்களின் தொடக்க காலத்திலேயே இந்தியாவில் இருந்தன என்று ஆகிவிடும். பல்லிகளின் வரலாறு முழுவதையும் பின்னோக்கித் தள்ளவேண்டியிருக்கும். 2012இல் ஹட்சின்சன் குழுவினர் அந்தத் தாடையை இன்றைய ஓணான்களின் தாடைகளோடு வரிசைப்படுத்திப் பார்த்தார்கள். அது பழைய ஓணான் போலவே இல்லை. நம் கரட்டோணானும் உறவுகளும் இருக்கும் டிராகோனினேக்குள்ளேயே நேராகப் போய் உட்கார்ந்தது. டிரையாசிக் காலத்தில் வாழ்ந்த ஒன்று இப்படி நேற்று வந்த கிளைக்குள் போய் அமர வாய்ப்பில்லை. அது பிற்காலத்து ஓணான் ஒன்றின் தாடை, பழைய மண்ணோடு கலந்துவிட்டது என்பதே பொருத்தமான விளக்கம் என்று முடித்தார்கள். உறவு மரம் சரியாக இருந்தால் ஒரு புதைபடிவத்தின் வயதையே சோதிக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

சரி, கலோட்டிஸுக்கு வருவோம்.

1758இல் லின்னேயஸ் பல்லி போலத் தெரிந்த ஏறக்குறைய எல்லாவற்றையும் ‘லசெர்ட்டா’ என்ற ஒரே பெயரின்கீழ் போட்டார். நம் பச்சோணானுக்கு அவர் வைத்த பெயர் லசெர்ட்டா கலோட்டிஸ். இலங்கையின் மூக்குருண்டை ஓணானும் அதே பட்டியலில் லசெர்ட்டா ஸ்குட்டாட்டா என்று வந்தது. பறக்கும் ஓணானை மட்டும் டிராகோ என்று பிரித்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தப் பெருங்கூட்டம் உடைந்தது. மரத்தில் வாழும், முதுகில் சீப்புபோல முள் வரிசை கொண்ட, வால் நீண்ட ஆசிய ஓணான்களெல்லாம் மெல்ல மெல்லக் கலோட்டிஸ் என்ற பேரினத்தில் வந்து சேர்ந்தன. 1935இல் மால்கம் ஸ்மித் இந்தியப் பகுதியின் பல்லிகளை முழுமையாகத் தொகுத்தபோதும் கலோட்டிஸ் ஒரு பெரிய பேரினமாகவே இருந்தது. மலேயாவின் பச்சை ஓணான்கள்கூட அதற்குள்தான். ஆனால் ஸ்மித் அதை உள்ளுக்குள் குழுக்களாகப் பிரித்து வைத்தார். செதில் எந்தப் பக்கம் பார்க்கிறது, காதுக்கு மேல் முள் எப்படி, தோளுக்கு முன்னால் மடிப்பு உண்டா என்பதெல்லாம் அவருக்கு அளவுகோல். அவருடைய கண் எவ்வளவு கூர்மையானது என்பது பின்னால்தான் தெரிந்தது.

1980இல் ஸ்காட் மூடி தன் முனைவர் பட்ட ஆய்வில் அகமிடே முழுவதையும் எலும்பு எலும்பாக ஒப்பிட்டு மறுபடி வரிசைப்படுத்தினார். மலேயாவின் பச்சை ஓணான்கள் பிராங்கோசெலா என்று தனியாகப் போயின. சூடோகலோட்டிஸ் என்று இன்னொரு தென்கிழக்காசியக் கூட்டமும் பிரிந்தது. அப்புறம் டிஎன்ஏ வந்தது.

இங்கே ஒரு விதியைச் சொல்லவேண்டும், இது புரிந்தால் பெயர்மாற்றங்களில் பாதி புரிந்துவிடும். இன்றைய வகைப்பாட்டில் ஒரு பேரினம் என்றால், ஒரு பொது மூதாதையும் அதன் எல்லா வாரிசுகளும் அதில் இருக்கவேண்டும். வாரிசுகளில் சிலரை வெளியே தள்ளக்கூடாது, வேறு கிளைக்காரரை உள்ளே இழுக்கவும் கூடாது. பார்க்க ஒரே மாதிரி இருப்பது போதாது. ஸ்மித்தின் காலத்தில் இந்த விதி இல்லை. அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, அவர் வேறு கேள்விக்கு விடை தேடினார்: கையில் இருக்கும் இந்த விலங்கை எப்படி அடையாளம் காண்பது? இன்றைய கேள்வி வேறு: இந்த விலங்கு எங்கிருந்து வந்தது?

2018இல் சௌனக் பால், தீபக் வீரப்பன் உள்ளிட்ட குழு மேற்குத்தொடர்ச்சி மலையின் கலோட்டிஸ்களை இந்த விதியின்கீழ் வைத்துப் பார்த்தது. மலை முழுக்க மாதிரிகள் சேகரித்து, மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஆராய்ந்தார்கள். பச்சோணான், கரட்டோணான், காட்டில் வாழும் நெமோரிகோலா, பெரிய செதில் கொண்ட கிராண்டிஸ்குவாமிஸ் ஆகியவை உண்மையான கலோட்டிஸ் கிளையில் நின்றன. கலோட்டிஸ் ரூக்ஸி என்ற இனமும் எலியோட்டியும் நிற்கவில்லை. அவை சேர்ந்து ஒரு தனிக்கிளை. தோளுக்கு முன்னால் கறுத்த மடிப்பு ஒன்று இவற்றின் கழுத்தில் மாலை விழுந்ததுபோல இருக்கும், மோனிலிசாரஸ் என்ற பெயரும் கழுத்தணியைக் குறிப்பதுதான். அதே ஆய்வில் இந்தக் கிளையில் இரண்டு புதிய இனங்களும் வெளிவந்தன. அகத்தியமலைப் பகுதியிலிருந்து 2008இல்தான் விவரிக்கப்பட்ட, ஆரஞ்சு உதடு கொண்ட சின்ன ஓணான் ஒன்று கலோட்டிஸிலும் சேரவில்லை, மோனிலிசாரஸிலும் சேரவில்லை. காதுத்துளை மிகச் சிறியதாக இருந்ததால் அதற்கு மைக்ரோஆரிஸ் என்று தனிப் பேரினமே வைத்தார்கள். அதற்குப் பத்து வருடம் முன்புதான் அறிவியலுக்குத் தெரியவந்த ஒரு விலங்கு, ஒரு முழுப் பேரினத்தின் ஒரே பிரதிநிதி! களக்காடு, முண்டந்துறைப் பக்கத்துக் காடுகளில் இப்படி ஒன்று இத்தனை காலம் இருந்திருக்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உடல் சிலிர்க்கிறது.

“பேரினத்தை உடைக்காமல் எல்லாவற்றையும் கலோட்டிஸ் என்றே வைத்துக்கொள்ளக்கூடாதா?” என்று சிலர் கேட்கிறார்கள். வைக்கலாம், ஆனால் அப்படிச் செய்தால் இடையில் இருக்கும் வேறு பேரினங்களையும் அதற்குள் இழுக்கவேண்டி வரும். கலோட்டிஸ் என்ற சொல் எதையும் சொல்லாத சொல்லாகிவிடும். பெயர்களைத் தேவையில்லாமல் உடைப்பவர்களோடு எனக்குப் பெரிய உடன்பாடு இல்லை, இந்த விஷயத்தில் உடைத்தது சரியென்றே நினைக்கிறேன்.

பிறகு ஏன் இவ்வளவு நாள் ஏமாந்தோம்? மரத்தில் வாழும் ஓணானுக்கு மெல்லிய உடல், நீண்ட கால், சமநிலைக்கு நீண்ட வால் வேண்டும். இலைக்கு நடுவே மறைய பச்சையோ பழுப்போ வேண்டும். இதெல்லாம் வாழ்க்கைமுறை கொடுக்கும் அமைப்பு, பரம்பரை மட்டும் கொடுப்பதில்லை. ஒத்திருப்பதால் உறவு என்கிறோம், உறவு என்பதால் ஒத்திருக்கிறது என்கிறோம். ஓணானுக்கு வேலி சாட்சி, வேலிக்கு ஓணான் சாட்சி என்ற கதைதான். டிஎன்ஏ இங்கே மூன்றாவது சாட்சியாக வந்தது. எதிர்த்திசையிலும் இது நடக்கும். நம் கரட்டுப் பாறைகளில் வெயில் காயும் சாம்மோஃபைலஸ் என்ற பாறை ஓணானைப் பாருங்கள். ஆண் இனப்பெருக்க காலத்தில் சிவப்பும் கறுப்புமாக ஜொலிக்கும். பாறையோடு ஒட்டும் தட்டை உடல். 1831இல் கிரே அதற்கு வைத்த பெயரே அகமா டோர்சாலிஸ், அதாவது ஆப்பிரிக்கப் பாறை ஓணான்களின் பேரினத்தில் வைத்தார். உண்மையில் அதன் சொந்தம் வேலி ஓணானோடுதான். பாறைக்கு இறங்கியதால் உடல் மாறியிருக்கிறது.

இந்த டிராகோனினே கூட்டம் இங்கே எப்படி வந்தது? கோண்டுவானா என்ற பழைய தென்பெருங்கண்டத்திலிருந்து பிரிந்த இந்தியத் தட்டு தன்மேல் பல உயிர்க்கூட்டங்களைச் சுமந்துகொண்டு வடக்கே நகர்ந்தது என்று நாமெல்லாம் படித்திருக்கிறோம். ஓணான்களும் அந்தப் பயணத்தில் வந்தவையோ என்ற கேள்வியை 2000இல் மேசி குழு மரபணுவை வைத்து எழுப்பியது. 2016இல் ஜெஸ்ஸி கிரிஸ்மர் குழு மரபணுத்தொகுதி அளவிலான தரவோடு வந்து வேறு விடை சொன்னது. டிராகோனினே தென்கிழக்காசியாவில் கிளைத்த கூட்டம். இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதி நிலம் இணைந்த பிறகு கிழக்கிலிருந்து உள்ளே வந்தது, அதுவும் ஒரே தடவை அல்ல, பல தடவை. தென்னிந்தியாவின் பறக்கும் ஓணான் டிராகோ டுஸ்ஸுமியரி இதற்குத் தெளிவான உதாரணம். மேற்குக் கரையின் பாக்குத் தோட்டங்களில் விலாச் சவ்வை விரித்து மரத்துக்கு மரம் மிதக்கும் இந்த ஓணானின் உறவுக்காரர்கள் எல்லாரும் அஸ்ஸாமிலும் அதற்குக் கிழக்கேயும், மலேயாவில், போர்னியோவில், பிலிப்பைன்ஸில் இருக்கிறார்கள். நாற்பது இனம் அளவுக்குப் பெரிய பேரினத்தில் தென்னிந்தியாவுக்கு வந்து தங்கியது இந்த ஒன்றுதான். இலங்கைக்கு அது போகவே இல்லை. சோலைக்காட்டு உயரங்களில் மெதுவாக நகரும் சேலியாவின் கதையும் தனி. நீலகிரி, பழனி மலைகளில் ஒன்றும் ஆனைமலை உயரங்களில் இன்னொன்றுமாக இரண்டே இனம். வடகிழக்கில், பர்மாப் பக்கத்தில் சேலியா என்று சொல்லப்பட்டவை பின்னால் சூடோகலோட்டிஸுக்குப் போய்விட்டன. பார்த்தால் கலோட்டிஸின் தம்பிபோல இருந்தாலும் சேலியா அந்தக் கிளைக்குள் வருவதில்லை.

வந்த பிறகு இங்கேயே பெருகியவைதான் மிகச் சுவையானவை. விசிறித்தொண்டை ஓணான்களை எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டவெளியில், கல்மேல் ஏறி நின்று, ஆண் தொண்டைச் சவ்வை விசிறி விசிறிக் காட்டும். ஓடும்போது பின்னங்கால் இரண்டில் மட்டும் ஓடும். பின்பாதத்தில் ஐந்தாவது விரல் கிடையாது. 1829இல் கூவியே புதுச்சேரியிலிருந்து போன மாதிரியை வைத்து சிட்டானா பாண்டிசெரியானா என்று பெயர் வைத்தார். அதற்குப் பிறகு நேபாளத்திலிருந்து இலங்கை வரை விசிறித்தொண்டை என்றால் பெரும்பாலும் இந்த ஒரே பெயர்தான். ஆண்களின் விசிறி இடத்துக்கு இடம் வேறாக இருப்பது எல்லாருக்கும் தெரியும். ஓரிடத்தில் வெறும் வெள்ளை, ஓரிடத்தில் நீலக்கோடு, மகாராஷ்டிரத்துப் பக்கம் நீலம், கறுப்பு, ஆரஞ்சு என்று மூன்று நிறம். ஆனால் அது வெறும் நிற வேறுபாடு என்று விட்டுவிட்டார்கள்.

2016இல் அந்த மூன்று நிற விசிறிக்காரர்கள் சரடா என்று தனிப் பேரினமானார்கள். சிட்டானாவிலும் புதிய இனங்கள் வரத்தொடங்கின. தமிழ்நாட்டிலிருந்து ஒன்றுக்கு சிட்டானா விசிறி என்றே பெயர். நம் தென்கோடியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து விவரிக்கப்பட்ட இன்னொன்றுக்கு மருதநெய்தல் என்று பெயர், அது வாழும் நிலம் மருதமும் நெய்தலும் என்பதால். இலங்கைக்கும் 2015இல் பாஹிரி, தேவகாய் என்று இரண்டு தனி இனங்கள் கிடைத்தன. கூவியேயின் பழைய பெயர் இன்று புதுச்சேரியை ஒட்டிய பகுதியின் ஓணானுக்கு மட்டும் உரியது. 2018இல் தீபக் வீரப்பனும் பிரவீன் கரந்தும் நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களின் மாதிரிகளை வைத்துப் போட்ட மரம், இந்தக் கூட்டம் எப்போது பெருகியது என்பதையும் காட்டியது. மயோசீன் காலத்தின் பிற்பகுதியில், ஏறக்குறைய ஒரு கோடி ஆண்டுக்கு முன், பருவமழை முறை வலுத்து, துணைக்கண்டத்தின் பெரும்பகுதி ஈரக்காட்டிலிருந்து வறண்ட வெளியாக மாறியபோதுதான் இவை கிளைகிளையாகப் பிரிந்தன. இவற்றின் நெருங்கிய உறவான ஓட்டோகிரிப்டிஸ் இன்றும் ஈரக்காட்டின் சருகுத் தரையிலேயே இருக்கிறது, ஐந்து விரலோடு. காடு விலக விலக ஒரு கிளை மட்டும் வெளியே வந்து வெயிலுக்குப் பழகி, ஒரு விரலை இழந்து, இத்தனை இனமாகப் பெருகியிருக்கிறது. தரிசு, பொட்டல், புறம்போக்கு என்று நாம் ஒதுக்கும் நிலம் இவற்றின் பல பத்து இலட்சம் ஆண்டு வீடு. ‘தரிசு நில மேம்பாடு’ என்று அங்கே மரம் நடும்போது இதை நினைக்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

இலங்கைக்கு வந்தால் ஆச்சரியம் இன்னும் கூடும். கடல்மட்டம் தாழ்ந்த காலங்களில் இந்தியாவும் இலங்கையும் நிலத்தால் இணைந்திருந்தன, கடைசியாகப் பிரிந்து ஏறக்குறைய பத்தாயிரம் ஆண்டுதான் ஆகிறது. அப்படியிருந்தும் ஈரமலைக் காட்டு உயிர்கள் நடுவே இருந்த வறண்ட சமவெளியைத் தாண்டவில்லை. இலங்கையின் இருபதுக்கும் மேற்பட்ட ஓணான் இனங்களில் பெரும்பாலானவை வேறெங்கும் இல்லாதவை. அதில் லைரியோசெபாலஸ், செரட்டோஃபோரா, கோஃபோட்டிஸ் என்ற மூன்று பேரினங்கள் சேர்ந்த ஒரு கிளை முழுக்க முழுக்க இலங்கைக்கே உரியது. லைரியோசெபாலஸ் ஒரே இனம், மூக்குநுனியில் உருண்டை வைத்தது. கோஃபோட்டிஸ் மலையுச்சிக் குளிரில் குட்டிபோடும் ஓணான். இரண்டு இனம், ஒன்று மத்திய மலைநாட்டில், மற்றொன்று நக்கிள்ஸ் மலையில், 2006இல் விவரிக்கப்பட்டது. செரட்டோஃபோராதான் கொம்போணான்.

கொம்போணானில் இன்று ஆறு இனம். ஸ்டோடார்ட்டிக்குக் கொம்பு ஒரே செதில் நீண்டு கூரானது. ஆஸ்பெராவுக்கு அது பல முட்செதில்கள் மூடிய குச்சி. நக்கிள்ஸின் டென்னன்டிக்கு இலைபோலப் பக்கவாட்டில் தட்டையான, சதைப்பற்றான மடல். ரக்வானை மலைகளின் ‘எர்டெலெனி’, ‘கரு’ என்ற இரண்டு இனங்களுக்கும் கொம்பு இல்லை, அல்லது ஒரு தடயம் மட்டும். 2020இல் விவரிக்கப்பட்ட உக்குவேலை ஆறாவது, ஆஸ்பெராவுக்கு நெருக்கமானது.

பெயரே கொம்பை வைத்து வந்த பேரினம் என்பதால் கொம்பு ஒருமுறை தோன்றி எல்லாருக்கும் போனது என்றுதான் முதலில் தோன்றும். 2002இல் ஷுல்ட், மேசி, ரோஹன் பெத்தியகொட, லார்சன் நால்வரும் மரபணு மரம் போட்டுப் பார்த்தபோது, கொம்புள்ளவை ஒரு பக்கமும் இல்லாதவை மறுபக்கமுமாக மரம் பிரியவில்லை. கொம்பில்லாதவை இடையிடையே நிற்கின்றன. ஒன்று, மூதாதைக்குக் கொம்பு இருந்து சிலவற்றில் மறைந்திருக்கவேண்டும். அல்லது கொம்பு தனித்தனியாகப் பலமுறை தோன்றியிருக்கவேண்டும். எனக்கு இரண்டாவதுதான் வலுவாகப் படுகிறது. காரணம் மரம் மட்டுமல்ல, கட்டுமானம். ஒரே செதில் நீண்டு வருவதும், பல செதில்கள் சேர்ந்து குச்சியாவதும், சதை மடலாவதும் மூன்று வேறு வேலைகள். 2013இல் கொம்பின் வளர்ச்சி உடல்வளர்ச்சியோடு எப்படி ஒத்துப்போகிறது என்று அளந்து பார்த்த ஆய்வும் பல தோற்றங்கள் என்ற பக்கமே சாய்ந்தது. ஆகவே கொம்பை வைத்து இங்கே உறவைத் தீர்மானித்தால் தப்பாகப் போகும். கண்ணுக்கு முதலில் படும் உறுப்பே உறவுக்கு மிக மோசமான சாட்சி.

இனி நம் வீட்டு வேலிக் கரட்டோணான், கலோட்டிஸ் வெர்சிகலர். ஈரானிலிருந்து இந்தோனேசியா வரை ஒரே இனம் என்று நீண்ட காலம் எழுதிவந்தோம். 1802இல் டோடான் இதற்குப் பெயர் வைத்தபோது அவர் கண்ட மாதிரி புதுச்சேரியிலிருந்து போனது. 2006இல் பர்மாவில் ஆய்வு செய்தவர்கள் அங்கே இருப்பதில் ஒன்றை ‘கலோட்டிஸ் இரவாடி’ என்று தனி இனமாகப் பிரித்தார்கள். 2021இல் கௌரங் கோவண்டே, சௌனக் பால், டேனியல் யப்லோன்ஸ்கி உள்ளிட்டோர் தெற்காசியா முழுவதையும் சேர்த்துப் பார்த்தார்கள். ஒரே பெயருக்குள் குறைந்தது நான்கு பரம்பரைகள் இருந்தன. தெற்கே இருக்கும் நம் கரட்டோணானுக்கு வெர்சிகலர் என்ற பெயர் நின்றது, ஏனென்றால் பெயரின் ஊர் புதுச்சேரி. வடக்கிலும் கிழக்கிலும் இருப்பதற்கு வேறு பெயர் வேண்டும். புதிதாக வைக்கத் தேவையிருக்கவில்லை. 1825இல் ஹார்லன் கல்கத்தா ஓணான் ஒன்றுக்கு வல்ட்டுவோசா என்று வைத்திருந்த பெயர், வெர்சிகலரின் மறுபெயர் என்று ஒதுக்கப்பட்டு இருநூறு ஆண்டு தூங்கிக்கொண்டிருந்தது. பெயரிடும் விதிப்படி பழைய பெயருக்கே முன்னுரிமை, அது எழுந்து வந்தது. பாகிஸ்தானில் கிளையினமாக இருந்த பாரூக்கி முழு இனமானது. 2023இல் தென்சீனா, வியட்நாம் பக்கத்திலிருந்து ‘கலோட்டிஸ் வாங்கி’ என்று இன்னொன்றும் பிரிந்தது.

இது வெறும் பெயர் விளையாட்டு என்று யாராவது சொன்னால் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தியப் பல்கலைக்கழக ஆய்வகங்களில் பல பத்தாண்டுகளாகக் கரட்டோணானை வைத்து உடலியல், இனப்பெருக்கம் படித்திருக்கிறார்கள். முட்டைக்குள் ஆணா பெண்ணா என்பதை எது தீர்மானிக்கிறது என்று வாரணாசியிலும் தார்வாடிலும் தனித்தனியே ஆய்வுகள் நடந்தன. தார்வாட் குழு வெப்பநிலையே தீர்மானிக்கிறது என்று காட்டியது. எல்லாக் கட்டுரைகளிலும் பெயர் வெர்சிகலர்தான். வடக்கும் தெற்கும் வேறு வேறு இனம் என்றால், அந்த முடிவுகளை ஒன்றோடொன்று ஒப்பிடும் முன் எந்த ஊர் விலங்கு என்று கேட்டே ஆகவேண்டும். சிங்கப்பூரில் குடியேறிய கரட்டோணான் அங்கேயே பிறந்த பச்சை பிராங்கோசெலாவை நெருக்கியிருக்கிறது. புளோரிடாவிலும் மாலத்தீவிலும் இந்தக் கூட்டம் போய்த் தங்கியிருக்கிறது. அங்கே வந்தது எந்த இனம், எங்கிருந்து என்று தெரியாமல் அதைக் கட்டுப்படுத்தப் பேச முடியாது.

பாதுகாப்புச் சட்டமும் பெயரைப் பிடித்துக்கொண்டுதான் நடக்கிறது. நக்கிள்ஸ் மலையின் ஒரு கலோட்டிஸ் 2014 வரை கலோட்டிஸ் லியோசெபாலஸ் என்ற இனமாகவே கருதப்பட்டது. அந்த ஆண்டு அது பெத்தியகொடை என்று தனி இனமாக விவரிக்கப்பட்டது. 2019இல் ஜெனீவாவில் நடந்த சைட்டிஸ் மாநாட்டில் கொம்போணான்கள், கோஃபோட்டிஸ், லைரியோசெபாலஸ் ஆகியவற்றோடு அதுவும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்ந்தது. செல்லப்பிராணிச் சந்தைக்காக இவற்றைக் கடத்துகிறார்கள் என்பதுதான் இலங்கை அந்தக் கோரிக்கையை வைக்கக் காரணம். பெயர் வந்து ஐந்தாண்டில் பாதுகாப்பு வந்தது. பெயரில்லாதிருந்தால் அது எந்தப் பட்டியலிலும் தனியாக வந்திருக்காது.

ஆகவே படம் எடுத்துப் பெயர் கேட்பவர்களுக்கு என் வேண்டுகோள் இது. முதுகுப் பக்கம் மட்டும் எடுக்காதீர்கள். தலையைப் பக்கவாட்டில், காதும் அதன்மேல் இருக்கும் முட்களும் தெரிய எடுங்கள். வெர்சிகலருக்கு அங்கே பிரிந்து நிற்கும் இரண்டு முட்கள், பச்சோணானுக்கு ஒரு முழு வரிசை. தோளுக்கு முன்னால் கறுத்த மடிப்பு தெரிகிறதா என்று பாருங்கள், தெரிந்தால் மோனிலிசாரஸை நினைக்கலாம். விசிறித்தொண்டையானால் விசிறி முழுவதும் விரிந்த ஒரு படம் வேண்டும், ஆணுடையது. விலங்கைப் பிடிக்கவேண்டாம், பொறுமையாக நின்றால் அதுவே காட்டும். எல்லாவற்றுக்கும் மேலாக ஊர்ப் பெயரையும் ஏறக்குறைய உயரத்தையும் எழுதுங்கள். இனப்பெயர் நாளை மாறலாம். ஊரும் உயரமும் இருந்தால், பெயர் மாறிய பிறகும் உங்கள் படம் எந்த இனம் என்று மறுபடி கண்டுபிடித்துவிடலாம்.